வல்வெட்டித்துறையில் மேசையில் முட்டிய ரோபோ

போன வருடம் வல்வெட்டித்துறைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நான் அனுப்பிய ரோபோ இன்னும் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் சென்ற வியாழக்கிழமை இரவு கொழும்பிலிருந்து கிளம்பினேன். தரம் எட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே நிரல் எழுதி அதை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் ரோபோ வகுப்பு தொடரும். இல்லாவிட்டால் திங்களிலிருந்து அந்தப் பாடவேளை கணிதக் கடந்தகால வினாத்தாளுக்கு என்று அதிபர் சொல்லியிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினால் எட்டேகாலுக்கு வல்வெட்டித்துறை. முப்பது கிலோமீற்றர்தான், இருக்க இடம் கிடைப்பது உங்கள் தலையெழுத்து. சந்தியில் ஓட்டோ பிடித்தேன்.

"ரோபோ பாக்க வந்த சேரோ? என்ரை மகளும் அந்த வகுப்புத்தான். ஒரு கிழமையா இருந்து பாடமாக்கினவள்," என்றார் ஓட்டோக்காரர்.

எதை மனப்பாடமாக்கினாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வகுப்பில் அதிபரும் ரோபோ வகுப்பு ரீச்சரும் பார்த்திருக்க, கதவடியில் வைத்த ரோபோ நேரே போய், மேசையைச் சுற்றி, கரும்பலகைக்குக் கீழே நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். மேசையை ஒரு முழம் தள்ளி வைத்து, "இப்ப ஓட்டுங்கோ," என்றேன். ரோபோ மேசையில் முட்டிச் சில்லைச் சுற்றிக்கொண்டே நின்றது. ஒருவரும் நிரலைத் தொடவில்லை.

"சேர், நோட்ஸில மேசை இஞ்ச இல்லை," என்றாள் முன்வாங்குப் பிள்ளை.

ரீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. "அதிபருக்கு முன்னால பிள்ளையள் பிழைவிடக் கூடாதெண்டு நான்தான் எழுதிக் குடுத்தனான்."

அவரை எப்படி ஏசுவது? ரியூசன், சோதனை எல்லாவற்றையும் இப்படித்தானே கடக்கிறோம். 'முன்னால் ஏதும் இருந்தால் திரும்பு' என்ற வரியைக் கரும்பலகையில் எழுதினேன். ஏன் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும் என்று காத்திருந்தேன். எல்லோரும் அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அதிபர் எழுந்து போனார். எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

நீங்களும் இப்படிப் போவதானால் பற்றரியை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் போய்ச் சேருங்கள். அதிபரைக் கூப்பிட அவசரப்படாதீர்கள். பிள்ளைகள் முதலில் ஆசைதீரப் பிழைவிடட்டும்.

வெளியே வரும்போது அந்த முன்வாங்குப் பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சேர், அந்தப் புது வரியையும் பாடமாக்கிப்போட்டன். திங்கக்கிழமை ரீச்சர் கேப்பாவோ?"

"ஓம்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.