எத்தனை குளிர்காலத்துக்கு?

பியர்பொன்ட்ஸில் நவம்பர் பிறந்தால் வீடுகளின் முன்னால் கூடாரங்கள் முளைக்கத் தொடங்கும். இரும்புக் குழாய்களை வளைத்து நிறுத்தி, அவற்றின் மேல் வெள்ளைத் தறப்பாளை இழுத்துக் கட்டி, காற்றுக்குப் பறக்காமல் அடியில் கல் வைப்பார்கள். 'தெம்போ' என்று இங்கே பிரெஞ்சில் அதற்குப் பெயர். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்துவிட்டு, இங்கே சிறிய வீடொன்று வாங்கி வந்த முதல் வருடம், ஒரு காலை யன்னல் திரையை விலக்கினேன். எங்கள் தெரு முழுவதும் வெள்ளைத் தறப்பாள். கலியாணம் முடித்த முதல் வருடத்தை மடு முகாமில் அப்படியொரு தறப்பாளின் கீழ் கழித்தவள் நான். "இஞ்ச வாங்கோ, ஆரோ சனம் இடம்பெயர்ந்து வந்திருக்குது" என்று கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. "சனமில்லையப்பா. கார். இந்த நாட்டில காருக்குத்தான் கூடாரம்."

எங்கள் வாசலில் ஒருநாளும் கூடாரம் எழும்பவில்லை. அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று சொன்னது நான்தான். என்னைப் பங்குக் கோயிலில் சிலர் முதுகுக்குப் பின்னால் கசவாரம் என்பார்கள். சொல்லட்டும். வீட்டுச் சூட்டைப் பதினேழு பாகையில் வைத்துவிட்டு இரண்டு சுவெற்றர் போட்டுக்கொள்வேன். பொலித்தீன் பையைக் கழுவி, குழாய்த் தலையில் மாட்டிக் காயவைப்பேன். இந்தக் குணம் என்னோடு பிறந்ததல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் பக்கத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் மருந்துப் போத்தலில்தான் இருக்கும். என் கணவர் ஊசி போடுகிற சிரிஞ்சால் அதிலிருந்து இரண்டு சொட்டு உறிஞ்சி என்ஜினுக்குக் காட்டி, அது இருமிக்கொண்டு உயிர்க்கும் வரை உதைத்துக்கொண்டே இருப்பார். ஒரு சொட்டு நிலத்தில் சிந்தினால் இருவரும் கதைக்காமல் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அப்படிப் பார்த்தவளுக்கு வீண்செலவு எப்படி வரும்?

மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு காரியத்துக்காக. மன்னாரில் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி இருக்கிறது. அதில் வீடு கட்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் போய்விடுவது என்பது அவருடைய திட்டம். "இன்னும் பத்துக் குளிர்தான்", "இன்னும் எட்டுக் குளிர்தான்" என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் சொல்லிக்கொள்வார். சுவர்கள் எழும்பின. கூரை போட முன்னர் அவருக்கு வருத்தம் வந்துவிட்டது. அவரை இங்கேதான் அடக்கம் செய்தோம். என் தம்பி யூட் மன்னாரில் இருந்துகொண்டு அந்தக் காணியைப் பார்த்துக்கொள்கிறான், அவ்வப்போது படம் அனுப்புகிறான். யன்னல் ஓட்டைகளோடு, வானத்தைப் பார்த்தபடி சுவர்கள் நிற்கும். கூரைக்கென்று வைத்த காசு வங்கியில் அப்படியே கிடந்தது. மகள் அனித்தா படிப்பு முடித்து வன்கூவருக்கு வேலைக்குப் போய்விட்டாள். நானும் பதினேழு பாகை வீடும் மிஞ்சினோம்.

டோர்வாலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் எனக்கு வேலை. விடிய முன்னரே புறப்பட வேண்டும். போன பெப்ரவரியில் ஒரு நாள், இரவெல்லாம் மழையாய்ப் பெய்து விழுந்த இடத்திலேயே கண்ணாடியாய் உறைந்திருந்தது. 'வெர்க்லா' என்பார்கள். சென்-ஜான் பெருந்தெருவுக்குப் போகிற வழியில், ஒரு வளைவில், என் பழைய சின்னக் கார் என் சொல்லைக் கேட்காமல் மெல்லச் சுழன்று, பின்பக்கத்தால் பனிக்குவியலுக்குள் போய்ப் புதைந்தது. எனக்குக் காயமில்லை. ஆனால் கார் அசையவில்லை. இழுவை வண்டிக்காரருக்கு வருடச் சந்தா கட்டுவதை நிறுத்தி நான் காசு மிச்சம் பிடித்திருந்தேன். யாருக்கு அழைப்பது என்று கைபேசியில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். வன்கூவரில் நடுச்சாமம். மன்னாரில் பின்னேரம். இங்கே, அந்த நேரத்தில் எழுப்பக்கூடிய ஒரு பெயர் எனக்கு இருக்கவில்லை. கார்கள் ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தன. குளிருக்கு என்ஜினை ஓடவிட்டுக் கையைச் சூட்டில் பிடித்தபடி இருந்தேன். கண் சொக்கியது.

யாரோ கண்ணாடியில் ஓங்கித் தட்டினார்கள். சிவப்புக் கட்டம் போட்ட ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாக ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய பிக்-அப் ட்ரக் விளக்கெரிய நின்றது. "எத்தான்! எத்தான் தோன் ஷார்!" என்று கத்தினாள். காரை நிறுத்தச் சொல்கிறாள் என்பது விளங்கியது. சும்மா நிற்கிற காரில் பெற்றோலை வீணாக்குகிறேன் என்று ஏசுகிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நோ புரொப்ளம். ஃபுல் டாங்க்" என்றேன். அவள் கதவைத் திறந்து, எனக்குக் குறுக்கே கையை நீட்டித் திறப்பைத் திருகி அணைத்தாள். பிறகு பனிக்குள் புதைந்து கிடந்த காரின் பின்பக்கத்தைக் காட்டினாள். மூக்கைப் பொத்திக் காட்டினாள். கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டினாள். அப்போதுதான் விளங்கியது. புகைக்குழாய் அடைபட்டு, புகை காருக்குள் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வந்தது நித்திரை இல்லை.

அவள் என்னைத் தன் ட்ரக்கில் ஏற்றி இருத்தினாள். ஆசனம் அடுப்பங்கரைக் கல்லைப் போல் சூடாக இருந்தது. அவள் தனியாகவே ஓர் இழுவைப் பட்டியின் கொழுக்கியை என் காரில் மாட்டி, ட்ரக்கைக் கொஞ்சம் முன்னே எடுத்தாள். கார் பல் பிடுங்கியதுபோல் வெளியே வந்தது. உங்கள் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அது எனக்கு விளங்கியது. "பெர்சொன்" என்றேன். ஒருவருமில்லை. அவள் என் தோளை இரண்டு தரம் தட்டினாள். காசு கொடுக்கப் போனபோது, "பென் வொயோன்", இதென்ன பேச்சு என்று, கையை விசிறிவிட்டு ஏறிப் போய்விட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அடிப்பக்கம் வளைந்து, துருவும் பிடித்திருக்கிறது, இனித் திருத்தக் காசைக் கொட்டாதே என்று கராஜ்காரன் சொல்லிவிட்டான். பஸ்ஸில் போகத் தொடங்கினேன். இரண்டு பஸ். பழைய கார் இன்னொன்று தேடுவதுதான் என் புத்திக்குச் சரி. ஆனால் மனம் அந்த ட்ரக்கை விட்டு வரவில்லை. ஆசைப்பட்டது ட்ரக்குக்கா, அந்தப் பெண்ணின் தைரியத்துக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை, பார்த்துவிட்டு வருவதற்குக் காசா பணமா என்று சென்-ஜான் தெருவிலுள்ள கார் விற்கும் இடத்துக்குப் போனேன். மத்தியூ என்கிற தாடிக்காரப் பெடியன் வந்தான். ட்ரக்கைக் காட்டினேன். "இது உங்கள் கணவருக்கா, மதாம்?" என்று பிரெஞ்சில் கேட்டான். "மோன் மரி மோர்" என்றேன், கணவர் இறந்துவிட்டார் என்று. அவன் முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, என்னைக் கைபிடிக்காத குறையாக ஒரு சின்னக் காரிடம் கூட்டிப்போனான். நான் திரும்ப ட்ரக்கிடம் வந்து நின்றேன்.

ஓட்டிப் பார்க்கத் தந்தான். படியில் கால் வைத்து, பிடியைப் பிடித்து, மரமேறுவது போல் ஏறினேன். ஆசனத்தோடு சுக்கானும் சூடாக இருந்தது. தெருவுக்கு வந்ததும் பனிக்குவியல்களுக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. குளிர்காலம் முழுவதும் இரண்டு வெள்ளை மதில்களுக்கிடையில் முன்னால் போகிற காரின் முதுகைப் பார்த்து ஓடியவள் நான். இப்போது முற்றங்கள் தெரிந்தன, அங்கே நாயோடு நிற்கும் மனிதர் தெரிந்தார், ஆற்றங்கரை மரங்களும் தெரிந்தன. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் இந்த ஊரை நான் பார்க்கவில்லையே என்று நினைத்தேன்.

திரும்பி வந்ததும் மத்தியூ கடுதாசிகளை எடுத்து வைத்தான். "கொம்பியன் திவேர்?" என்று கேட்டான். எத்தனை குளிர்காலத்துக்கு வைத்திருக்கப் போகிறீர்கள்? இங்கே வாகனத்தின் ஆயுளைக் குளிர்காலத்தால்தான் அளப்பார்கள். அவனுக்கு அது வெறும் வியாபாரக் கேள்வி. எனக்கோ, என் கணவர் ஒவ்வொரு மார்ச்சிலும் குறைத்துக்கொண்டு வந்த கணக்கை யாரோ எடுத்து மேசையில் வைத்ததுபோல் இருந்தது. விலையைப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு கூரை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன்.

அன்றே அனித்தாவுக்குச் சொன்னேன். "அம்மா, நீங்கள் ரீ பேக்கை ரெண்டாந்தரம் போடுற ஆள். உங்களுக்கு ட்ரக்கோ? சீரியஸ்லி?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "எந்தக் காசில?"

"வீட்டுக் காசில."

"அப்பான்ர வீட்டுக் காசிலயா?"

"ஓம்."

"அப்ப நீங்கள் அங்க போகேல்லையா?" என்றாள். அவளுடைய குரலில் இருந்தது கவலையல்ல. நான் போய்விடுவேன் என்று பிள்ளை இத்தனை காலமும் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "நான் ஒண்டும் முடிவெடுக்கேல்லைப் பிள்ளை" என்று சொல்லி வைத்தேன்.

பிறகு ஒரு கிழமை கடுங்குளிர். மூக்குக்குள் மயிர் ஊசியாய் விறைக்கும். இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்து டோர்வாலில் பஸ்ஸுக்கு நின்றேன். வரவேண்டிய பஸ் வரவில்லை. தரிப்பிடத்தில் என்னைத் தவிர ஆளில்லை. மேலே ஒரு விமானம் எழும்பிப் போனது. அதற்குள் நான் மூடிக் கட்டிய தட்டு ஒன்று இருக்கலாம். அதைத் திறப்பவர் என் ஊர்ப் பக்கம் போகிறவராகவும் இருக்கலாம். அந்தக் குளிரில் ஒரு யோசனை வந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையைச் சுமந்துகொண்டு நான் வீட்டுச் சூட்டைக் குறைத்தேன், பைகளைக் கழுவினேன், ஒவ்வொரு குளிரையும் கடைசிக்கு முந்தியது என்று எண்ணித் தள்ளினேன். உனக்குப் போக விருப்பமா என்று அவர் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. போக ஆசைப்பட்டவர் இந்த மண்ணுக்குள், இந்தப் பனிக்குக் கீழே கிடக்கிறார். நான் யாருக்காகக் கூரை போடுகிறேன்? அழுதேன். கன்னத்தில் அது உறைந்து இழுத்தது. பஸ் வந்தது. சென்-ஜான் தெருவில் கார் விற்கும் இடம் கண்ணில் பட்டதும், கை தானாகப் போய் மணியை அழுத்தியது.

மத்தியூ என்னை மறந்திருக்கவில்லை. கோப்பியும் தந்தான். கடுதாசிகளை நிரப்பும்போது மறுபடியும் அதே கேள்வி. எத்தனை குளிர்காலம்? "தூஸ்" என்றேன். எல்லாக் குளிர்காலத்துக்கும் என்பது என் பதில். அவன் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தான். "பன்னிரண்டா? நல்ல ட்ரக்தான் மதாம், ஆனாலும் பன்னிரண்டு கொஞ்சம் அதிகம்!" பிரெஞ்சில் 'எல்லாம்' என்பதற்கும் 'பன்னிரண்டு' என்பதற்கும் இடையில் நாக்கு நுனியளவுதான் வித்தியாசம். நமக்கோ தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'தூஸ்'. நான் திருத்தவில்லை. பன்னிரண்டும் நல்ல இலக்கம்தான்.

ட்ரக் வந்த முதல் ஞாயிறு, பூசைக்குப் புறப்பட்டு ஏறி இருந்து, இன்னும் வாசலை விட்டு எடுக்கவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. யூட்டிடமிருந்து அழைப்பு. மத்தியூ என் கைபேசியை ட்ரக்கோடு இணைத்து விட்டிருந்தான். தம்பியின் குரல் நாலு பக்கத்திலிருந்தும் வந்தது, பின் ஆசனத்தில் அவன் ஏறி இருப்பதுபோல. எப்படியோ அனித்தா சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, பெரிய வாகனம் எடுத்திட்டியளாம்."

"ஓமடா தம்பி."

"நல்லம். குளிருக்குப் பாதுகாப்பு." அங்கே பொழுதுபடுகிற நேரம். காகங்கள் கத்தின, யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். "அப்ப... வரமாட்டியள், என்ன?"

வருவேன், லீவில் வருவேன், அடுத்த வருடம் வருவேன் என்று நாக்கில் வந்ததெல்லாம் பொய்யில்லை. உண்மையுமில்லை. "அந்தக் காணியை உன்ர மூத்தவளுக்கு எடு. சுவர் நல்லாத்தானே நிக்குது. மிச்சத்தை மெல்ல மெல்லக் கட்டுங்கோ" என்றேன்.

"அது உங்கட வீடு. அத்தானுக்கு நான் என்ன சொல்லுறது? நான் தொடமாட்டன் அக்கா."

திடீரென்று ட்ரக் முழுவதும் ஒரு பெரும் சத்தம், கதவு கிறீச்சிடுவதும் அழுவதுமாக. நான் துள்ளிப் போனேன். பிறகுதான் விளங்கியது. கழுதை. மன்னார் தெருக்களில் ஆளுக்கு நிகராய்க் கழுதைகள் திரியும். அந்தச் சத்தத்தை நான் கேட்டு எத்தனையோ காலம்.

"எங்க நிண்டு கத்துது?"

"உங்கட வீட்டுக்குள்ளதான்" என்றான் யூட். "நான் காணியிலதான் நிக்கிறன். பொழுதுபட்டா ரெண்டு மூண்டு வந்து உள்ளுக்குப் படுக்குது. சுவர் காத்துக்கு மறைப்பு எல்லோ. தாய் ஒண்டும் குட்டி ஒண்டும் அறைக்குள்ளயே நிக்குது. பொறுங்கோ, விரட்டிவிடுறன்."

"விரட்டாதை" என்றேன். "நிக்கட்டும்."

முன் கண்ணாடியைப் பனி முழுவதுமாக மூடிவிட்டது. தெரு தெரியவில்லை, வீடு தெரியவில்லை. சூடான ஆசனத்தில் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கழுதை மறுபடியும் கத்தும் வரை துடைப்பானைப் போடாமல் இருந்தேன்.