சவானாவில் சாப்பிடவும் பார்க்கவும்

அழுகிய முட்டை மணம் மூக்கில் ஏறிய அந்தக் கணத்தில், இலங்கை இராணுவம் கப்பலேறி அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள சவானா நகரத்துக்கு எங்கள் குடும்பத்தைத் தேடி வந்துவிட்டது என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மொன்ட்ரியாலுக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது, பிரெஞ்சு வினைச்சொற்களைத் தூக்கத்திலும் ஒப்பிப்பேன், கணக்கில் வகுப்பிலேயே முதலாவது. ஆகவே புத்தி குறைந்த பிள்ளை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் நம்பிக்கைக்குத் தக்க ஆதாரம் இருந்தது. அம்மா நல்லூரிலிருந்த சின்னம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், எந்த மாதம், எந்த நகரத்துக்கு, யார் யார் போகிறோம் என்பதையெல்லாம் விவரமாக எழுதியிருந்தார். ஊருக்குப் போகிற கடிதங்களை "ஆமி" உடைத்து வாசிக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர்கள் வாசித்தார்கள், கப்பலேறினார்கள், வந்தார்கள். இதில் பிழை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் சட்டென்று சொல்ல வராது.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் என் தம்பி கபிலன். மொன்ட்ரியாலை அடுத்த புரோசார்ட்டில் வீடு வாங்கி, புல்வெட்டி, நல்லபடியாக வாழ்கிற மனிதன். போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணா, ஓகஸ்டில நாங்கள் சவானாவுக்குப் போறம். எங்க சாப்பிடலாம், என்ன பாக்கலாம்? நீங்கள் போனனீங்கள்தானே?"

"நீயும்தான் வந்தனி."

"எனக்கு அப்ப ஒண்டரை வயசு. நீங்கள் வெடிச் சத்தத்துக்கு மூத்திரம் போன கதை மட்டும்தான் தெரியும்" என்று சிரித்தான். பின்னாலிருந்து அவனுடைய மகள், யார் மூத்திரம் போனது என்று பிரெஞ்சில் ஆவலோடு விசாரித்தாள்.

அந்தப் பயணத்துக்கு வழிகாட்டி கேர்ட்டிஸ். எனக்கு இரண்டு வயதாக இருக்கையில் ஊரைவிட்டு வந்த அப்பா, மொன்ட்ரியால் நகர நடுவிலிருந்த ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே சமையல் செய்தவர் கேர்ட்டிஸ், சவானாவில் பிறந்து ஒரு பெண்ணின் பின்னால் இந்தக் குளிருக்குள் வந்து மாட்டிக்கொண்ட கறுப்பின மனிதர். பனி கொட்டுகிற ஒவ்வொரு தையிலும் அவர் தன் ஊரைப் பற்றிக் கதைக்க, அப்பா சவர்க்கார நுரைக்குள் கையை விட்டுக்கொண்டு கேட்பார். எங்களுக்குக் குடியுரிமை கிடைத்ததும், கேர்ட்டிஸ் ஒரு கார்ட்போர்ட் பெட்டியைக் கிழித்து, எங்கே சாப்பிடுவது, எதைப் பார்ப்பது என்று பட்டியல் எழுதிக் கொடுத்தார். அப்பா அதைத் தமிழில் பெயர்த்து ஒரு கொப்பியில் எழுதினார். எட்டாவது வரிக்கு மட்டும் விளக்கம் எழுதாமல் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அது அவர் எங்களுக்காக வைத்திருந்த "சர்ப்பிரைஸ்".

மொன்ட்ரியாலின் வில்லரே பகுதியில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடியிலிருந்து, வெளியே சுருண்டிறங்கும் அந்த இரும்புப் படியால், பாணும் இடிச்ச சம்பலும் போட்ட பானையை ஒரு குழந்தையைப் போலவும் குழந்தையை ஒரு பானையைப் போலவும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். குளிரூட்டி வேலை செய்யாத பழைய வான் வண்டியில் இரண்டு நாள் ஓட்டம். சவானாவில் இறங்கியதும் வேர்வை முதுகில் வழிய, அம்மா பல வருடங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்து, "இது எங்கட வெயில்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரங்களிலெல்லாம் நரைத்த பாசி, சடை சடையாகத் தொங்கியது. ஊரில் ஒரு காலைவேளையில், விளக்குக் கம்பத்தில் கட்டப்பட்டுத் தலை தொங்கிக் கிடந்த ஒருவரின் தலைமுடியைப் பார்த்தவன் நான். ஆகவே ஒவ்வொரு மரத்தின் கீழும் போகும்போது, முடிக்குக் கீழே ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். சதுக்கத்துக்குச் சதுக்கம் வெண்கல மனிதர்கள் வாளோ துவக்கோ ஏந்தி நின்றார்கள். எந்த ஊருக்குப் போனாலும் "பங்கர்" எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைப்பது என் வழக்கம். மொன்ட்ரியாலில் வந்திறங்கிய அன்றே மெட்ரோவைத் தெரிவு செய்துவிட்டேன், அவ்வளவு ஆழமான பதுங்குகுழியை ஒரு முழு அரசாங்கமே வெட்டி வைத்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். சவானாவில் அப்படி ஒன்றையும் காணவில்லை. மண்ணைத் தோண்டினால் தண்ணீர் வரும் ஊர்.

பட்டியலின் முதல் சாப்பாட்டுக்கடை ஆற்றங்கரையில் இருந்தது. மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, ஆளுக்கொரு மரச்சுத்தியலைக் கையில் தந்துவிட்டு, ஒரு வாளியிலிருந்து நண்டு, இறால், சோளம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஆவி பறக்கக் கொட்டினார்கள். சுற்றியிருந்த மேசைகளில் குடும்பம் குடும்பமாக மனிதர்கள் ஓடுகளை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் நண்டின் நெற்றியில் ஓங்கிப் போட்ட போட்டில் அதன் மூளை என் கன்னத்தில் தெறித்தது. அப்பா கொஞ்ச நேரம் அந்தக் குவியலையே பார்த்தார். பிறகு, "இஞ்சரும், இது நண்டும் இறாலும் போட்ட எங்கட ஒடியல் கூழ். மாவைக் கரைக்க மறந்துபோனாங்கள்" என்றார். அம்மாவுக்குப் புரைக்கேறியது. நாங்களும் அடித்தோம். நண்டை அடிக்க அடிக்கக் கைக்குள் ஒரு தைரியம் ஊறியதை நான் கவனித்தேன். எழும்பும்போது சுத்தியலைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

"நாளைக்குக் கோட்டைக்குப் போறம்" என்றார் அப்பா.

கையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினார். "கோட்டைக்கோ?"

அப்பா ஊரைவிட்டு வரும்போது யாழ்ப்பாணக் கோட்டை என்பது கடற்காற்று வாங்க மாலையில் சைக்கிளில் போகிற இடம். அவர் வந்த பிறகு அது "செல்" என்கிற எறிகணை புறப்படுகிற இடமாகிவிட்டது. கோட்டைக்குள்ளிருந்து ஆமி அடிக்கும். முதலில் "டும்" என்று புறப்படும் சத்தம், பிறகு நாங்கள் எண்ணுவோம், எண்ணி முடிவதற்குள் எங்கோ ஒரு வீட்டுக்கூரை மேலே போகும். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகள் போயின. மூன்றாவது வீட்டில் இருந்தவர்களைச் சாக்கில்தான் எடுத்தார்கள். அப்பாவுக்குக் கடிதத்தில் தெரிந்த கோட்டையும் எங்களுக்குக் காதில் தெரிந்த கோட்டையும் வேறு வேறு.

"பிள்ளையளோட அங்க என்னத்துக்கு?"

"கேர்ட்டிஸ் கட்டாயம் எண்டு சொன்னவன். எட்டாவது வரி, ஒரு விசேஷம் இருக்கு. இப்ப சொல்லமாட்டன்."

அவ்வளவு ஆசையாகச் சொன்ன மனிதரிடம் அம்மா அதற்கு மேல் பேசவில்லை.

மறுநாள் பார்த்த கோட்டை செங்கல்லால் கட்டியது, சுற்றிலும் அகழி. ஏதோ பழைய போரில் குண்டு துளைத்த பள்ளங்கள் சுவர் முழுவதும் அம்மைத் தழும்பாக இருந்தன. உள்ளே புல்வெளியில், அந்த வெயிலில், தடித்த நீலச் சட்டை போட்ட தாடிக்காரச் சிப்பாய்கள் நாலைந்து பேர் பீரங்கியைச் சுற்றி நின்றார்கள். சுற்றுலாக்காரருக்காகப் பழைய உடுப்பில் நிற்கிற வேலையாட்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் உடுப்பு, துவக்கு, கோட்டை. அப்பா படமெடுக்க முன்வரிசைக்குப் போய்விட்டார். அம்மா தண்ணீர்ப் போத்தலை எடுக்க ஏதுவாகக் கபிலனை என் இடுப்பில் வைத்தார்.

வெடித்தது.

சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்தான் முதலில் கேட்டது. பிறகுதான் காது. அம்மா அடுத்த விநாடியே புல்லில் குப்புற விழுந்து, செவிப்பறை கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைத்திருந்தார், நானும் தம்பியோடு விழுந்தேன். வெள்ளைப்புகை எங்கள் மேல் உருண்டு வந்தது, அந்த அழுகிய முட்டை மணத்தோடு. தலையைத் தூக்கிப் பார்த்தால் அப்பா மட்டும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். செல் விழுந்த இடத்தில் சிலருக்கு மூளை பிசகிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்பா முடிந்தார், அம்மா அசையவில்லை, இனிக் குடும்பத்துக்குப் பொறுப்பு நான்தான் என்று, காற்சட்டையில் நண்டுச் சுத்தியல் வைத்திருந்த அந்தத் தளபதி முடிவெடுத்தான்.

கபிலனை அள்ளிக்கொண்டு ஓடினேன். மதிலுக்குள் குகை குகையாக இருந்த அறைகளில் மிக இருட்டான ஒன்றைப் பிடித்து, மூலையில் முதுகைச் சுவரில் வைத்துக் குந்தினேன். பழைய வெடிமருந்தறை. போரில் முதல் பரிசு வாங்கக்கூடிய பங்கர். ஒரே குறை, கபிலன் வீரிட்டு அழுதான். ஊரில் பங்கருக்குள் குழந்தை அழுதால் ஆமிக்குக் கேட்டுவிடும் என்று தாய்மார் வாயைப் பொத்துவார்கள், பக்கத்து வீட்டு மாமி பொத்தியதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். நானும் பொத்தினேன். வெளியே இரண்டாவது முறை வெடித்தது. இன்னும் இறுக்கிப் பொத்தினேன். அவன் என் வயிற்றில் உதைத்தான். கையைப் பிராண்டினான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை, உயிர் காக்கிற வேலையில் பிராண்டல் எல்லாம் கணக்கா? கொஞ்ச நேரத்தில் உதை நின்றது. அழுகையும் நின்றது. அவன் மடியில் பாரமாகிப் படுத்தான். "கெட்டிக்காரன்" என்று அவன் காதுக்குள் சொன்னேன். கையை எடுக்கவில்லை.

வாசலில் நீலச்சட்டை ஒன்று தெரிந்தது.

அந்தச் சிப்பாய் குனிந்து எங்களைப் பார்த்தார், ஏதோ கத்தினார், பாய்ந்து வந்து என் கையைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தம்பியைப் பறித்தார். முன்கையில் அவனைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் அறைந்தார். என் கண்முன்னே, என் தம்பியை, ஆமி அடிக்கிறது. சுத்தியலை உருவினேன். முழங்காலில் போட்டேன், அவர் மண்டியிட்டார். முழங்கையில் போட்டேன். அவர் தம்பியை நிலத்தில் மல்லாத்தி, அவன் வாயோடு வாய் வைத்தபோது, தின்கிறான் என்றே நினைத்து நெற்றியில் ஓங்கி அடித்தேன். புருவம் பிளந்தது. இரத்தம் தாடியில் இறங்கித் தம்பியின் கன்னத்தில் சொட்டியது. அவர் என்னைத் தடுக்கக் கையைத் தூக்கவில்லை. ஊதினார், நிமிர்ந்தார், மறுபடி ஊதினார். நான் அவருடைய காதைக் கடித்தேன். சட்டையின் கம்பளி வாசமும் உப்பும் இரத்தமும் வாய்க்குள் வந்தன. அந்த நேரத்தில்தான் அப்பா பின்னாலிருந்து என்னைத் தூக்கி எறிந்தார். அம்மா வாசலில் நின்று, சத்தம் வராத வாயைத் திறந்து வைத்திருந்தார்.

பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்ன அழுகை கேட்டது.

சிப்பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். விசாரிக்க வந்த மேலதிகாரியிடம், ஓடி வந்ததில் படியில் தடக்கி விழுந்தேன் என்று சொன்னார். நல்ல படி, காதையும் கடித்திருந்தது. அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தமிழில் என்னவெல்லாமோ சொன்னார். அவர் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பினோம். எல்லையைக் கடந்த பிறகு அப்பா சொன்னார்: "இந்தக் கதை மொன்ட்ரியாலுக்குள்ள வரப்படாது. ஆரும் கேட்டால், வெடிச் சத்தத்துக்குப் பெடியன் மூத்திரம் போயிட்டான் எண்டு சொல்லுவம். சனம் சிரிச்சுப்போட்டு விட்டிடும்."

அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். உண்மையில் நான் மூத்திரம் போகவில்லை, அதை நிரூபிக்கத்தான் இனி வழியில்லை. கோயில் திருவிழாவிலும் பிறந்தநாள் வீடுகளிலும் அப்பா அந்தக் கதையைச் சொல்ல, சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சில வருடங்களில் நானே அதை நடித்துக் காட்டத் தொடங்கினேன். ஈரக் காற்சட்டையோடு நடக்கிற நடையை நான் நடந்தால் இன்றைக்கும் கைதட்டல் விழும். வீட்டுக்கு வீடு என்னைப் பகிடிக்காரன் என்று கூப்பிடுவது அப்படித்தான் ஆரம்பித்தது.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. வீட்டை ஒழித்தபோது அந்தக் கொப்பியைத் தேடினேன், இல்லை. கேர்ட்டிஸ் எந்தக் குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்பினார் என்று சொல்லக்கூட இப்போது ஆளில்லை. ஆற்றங்கரை நண்டுக்கடை இருந்த இடத்தில் தங்குவிடுதி ஒன்று நிற்பதாகக் கபிலன் கைபேசியில் பார்த்துச் சொன்னான். கோடையில் வாணம் விடும்போது அம்மா இப்போது நிலத்தில் படுப்பதில்லை. முழங்கால் விடாது, கதிரைக் கையை மட்டும் இறுக்கிப் பிடிப்பார்.

நேற்று நான் கபிலனைத் திருப்பிக் கூப்பிட்டேன். எங்கே சாப்பிடலாம் என்றதற்கு, எங்கே சுத்தியல் தருகிறார்களோ அங்கே என்றேன். என்ன பார்க்கலாம் என்றதற்கு, கோட்டை என்றேன். "மூத்திரம் போன இடமோ?" என்று சிரித்தான். கொஞ்சம் இரு, கதவைச் சாத்திவிட்டு வா என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

அன்று பீரங்கியில் குண்டு இருக்கவில்லை, வெறும் வெடிமருந்துதான். யாரும் எங்களைத் தேடி வரவில்லை. என் தம்பியின் வாயையும் மூக்கையும் என் வலது உள்ளங்கையால் நான் பொத்தியதில் அவனுக்கு மூச்சு நின்றுபோனது. உதடு நீலமாகியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர், நான் அடிக்க அடிக்க, அவனை மறுபடி மூச்சுவிட வைத்தார்.