அஜிஷாவைச் சேர்க்காத பட்டியல்

கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்து முந்திரி ஆலையில் ராபின்சன் பதினெட்டு வருடம் மேலாளராக இருந்தார். ஊரார் அதை அண்டியாபீஸ் என்பார்கள். பருப்பின் தோல் உரிக்க இருபத்திரண்டு பெண்கள். ஒருத்திக்கும் மருத்துவக் காப்பீடு கிடையாது. அதிகாரிகள் கேட்கத் தொடங்கியதும் முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

"பன்னிரண்டு பேர ஈ.எஸ்.ஐ.யில சேத்தா போதும். யாருன்னு நீரே எழுதும்."

மூட்டுவலிக்காரிகளை எழுதினார். சர்க்கரை உள்ளவர்களை எழுதினார். கடைசி இடத்துக்கு ஜிஜாவா அஜிஷாவா என்று வந்தபோது பேனா ஓடவில்லை. ஜிஜாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது; அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். அஜிஷாவுக்கு முப்பத்தொன்று. ஒன்பது வருடத்தில் பிரசவத்துக்குத் தவிர விடுப்பு எடுக்காதவள். மனம் கேட்காமல் அவளிடமே சொன்னார்.

"ஜிஜாக்காள எழுதுங்க சாரே. எனக்கு என்ன கேடு வரப்போவுது? பாறாங்கல்லாக்கும் நான்," என்று சிரித்தாள்.

மறு வருடம் அவளுடைய கால்கள் வீங்கின. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகுமே என்று நாலு மாதம் தள்ளிப்போட்டாள். நெய்யாற்றின்கரையில் பரிசோதித்தபோது இரண்டு சிறுநீரகமும் கெட்டிருந்தன. வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் முறை வர மாதங்களாகும் என்றார்கள். கணவன் சஜன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். பைக்கை விற்றான், பிறகு வீட்டை ஒட்டிய மூன்று சென்ட் நிலத்தை விற்றான்.

ராபின்சன் முதலாளியிடம் போய் நின்றார். "அந்தப் பிள்ளையையும் சேத்துருவோம், மொதலாளி."

"வேலைக்கு வராதவள எந்தக் கணக்குல சேக்க? ஒருத்திக்குச் செய்தா எல்லாவளும் கேப்பாளுவ."

"கேக்கட்டும். அவியளுக்கு உள்ளதுதானே?"

"அப்படின்னா நீரே ஒரு ஆபீஸ் தொடங்கிக் குடும்."

அந்த வாரமே ராபின்சன் இருபத்திரண்டு பேரின் கையெழுத்தோடு திருவனந்தபுரம் போய்ப் புகார் கொடுத்தார். அஜிஷா படுக்கையிலிருந்தே கையெழுத்திட்டாள். அதிகாரிகள் வந்தார்கள், பதிவேட்டைப் புரட்டினார்கள், முதலாளியைக் கண்டித்தார்கள். மாதம் முடிவதற்குள் மீதிப் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். அஜிஷா மட்டும் இல்லை. ஐந்து மாதமாக வராததால் அவள் இப்போது தொழிலாளியே அல்ல என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டியலில் இல்லாதவர்களின் பெயர் பதிவேட்டிலும் ஏறாததால், பத்து வருடம் அவள் வேலை செய்ததற்கு ராபின்சன் முன்பு தயாரித்த எந்தக் காகிதத்திலும் சாட்சி இல்லை. அவருக்கும் மறுநாள் முதல் வேலை இல்லை.

செய்தியைச் சொல்லப் போனபோது சஜனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அஜிஷாதான் பேசினாள்.

"இருவத்தொண்ணு பேருக்கு கிடைச்சில்லியா சாரே? அது போரும்."

அது போதாது என்று இருவருக்கும் தெரியும்.

ஜிஜாவுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தது காப்பீட்டில்தான். தையல் பிரிக்கும் முன்பே அஜிஷாவின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

ஆடி மழையில் அஜிஷா போய்விட்டாள். அடக்கத்தன்று ஆலைக்கு அரைநாள் விடுமுறை. முதலாளி மலர்வளையம் அனுப்பியிருந்தார். ராபின்சன் கூட்டத்துக்குப் பின்னால், வேலியோரம் குடையை விரிக்காமல் நனைந்துகொண்டு நின்றார். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் சஜன் திரும்பிப் பார்த்தான்.

"அங்க எதுக்கு நிக்கிறிய சாரே? இங்க வந்து பிடியுங்க."

அவர் குடையை ஜிஜாவிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார்.