ரெண்டு சீட்டுக் கார்

திருப்பூரில் யார் முதலாளி, யார் வேலையாள் என்று வண்டியை வைத்துச் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் சாத்தூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் கிராமத்திலிருந்து லாரி ஏறி வந்து, வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் காலை புது மோட்டார் பைக்கில் ஒருவர் பளபளவென்று வந்து இறங்கினார். கையெடுத்துக் கும்பிட்டேன். பின்னாலேயே பழைய மொபெட்டில், காலடியில் தவிட்டு மூட்டையோடு ஒரு பெரியவர் வந்தார். "அண்ணே, மூட்டையை எங்க இறக்கணும்?" என்று அவரிடம் கேட்டேன். "உள்ளார வெச்சிருங்க" என்றார். பைக்கில் வந்தவர் கட்டிங் மாஸ்டர். மொபெட்டில் வந்தவர்தான் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் பெட்டி பெட்டியாகச் சரக்கு அனுப்புகிற முதலாளி. அது தெரிந்தபோது திடுக்கிட்டேன். ஆனால் அதைவிடத் திடுக்கிட்டது அவர் சொன்ன அந்த 'வெச்சிருங்க'வுக்குத்தான். காலில் செருப்பில்லாமல் நின்றவனுக்கு 'ங்க' போட்டுப் பேசுகிறார் ஒரு கோடீஸ்வரர். எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப்போல் வந்து இங்கே வேர்விட்டவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் தொடங்கி, டெய்லராகி, காண்ட்ராக்ட் எடுத்து, சொந்தமாக அறுபது மெஷின் போட்டேன். ஒருவன் காலையும் பிடிக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வெளிநாட்டுக்காரன் துணியைத் தொடும்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்த்தே எந்த ஜிஎஸ்எம், அதாவது எவ்வளவு கனத்தில் துணி, கேட்கிறான் என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் சொல்லட்டும் பார்ப்போம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவனுக்குத் தொண்ணூறுகளின் பாதியில் ஒரு கார் மேல் ஆசை வந்தது. கோயம்புத்தூரில் யாரோ மில் முதலாளி மகன் வெளிநாட்டிலிருந்து இறக்கி, சலித்துப்போய் விற்கக் கொடுத்த கார். ரத்தச் சிவப்பு. மேல்கூரையை மடித்துவிட்டால் திறந்த வண்டி. ரெண்டே ரெண்டு சீட்டு. ஸ்டார்ட் பண்ணினால் நாலு தெருவுக்குக் கேட்கும். அந்த விலைக்கு இருபது ஓவர்லாக் மெஷின் வாங்கலாம். புரோக்கர் ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று வண்டியைக் கம்பெனி வாசலில் நிறுத்திவிட்டுப் போனான்.

செய்தி கேட்டு என் பழைய முதலாளி மொபெட்டிலேயே பார்க்க வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏனுங்க தம்பி, ரண்டு பேருதான் உக்காரலாமாட்ட இருக்குது. ஊட்டுல மித்தவிங்க எப்பிடிங்க வருவாங்க?" என்றார். பஸ்ஸில் வரட்டும் என்றேன். "செரீங்க. நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். பாராட்டிவிட்டார் என்று நான் பூரித்துப் போனேன். அவர் மொபெட்டை மிதித்துக்கொண்டே, "தவுட்டு மூட்டைக்கு எடமில்லீங்களே" என்றார். கொங்கு ஜனங்கள் உங்களை ஏசவே மாட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, கை கழுவும்போதுதான் ஏசியது தெரியும்.

அவருக்கு என்ன தெரியும், நான் எதற்கு அந்தக் காரைக் கேட்கிறேன் என்று? என் மனைவிக்குக்கூட நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெரிய தெரு என்று ஒன்று உண்டு. எங்கள் தெருவுக்கு அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தோளில் துண்டு இருந்தால் அது கைக்கு வந்துவிட வேண்டும். எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வர ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். ஒரு நாள் காய்ச்சலில், நினைப்பில்லாமல், இறங்காமல் வந்துவிட்டார். நான் பின்னால் கேரியரில். தெரு முடிகிற இடத்தில் நாலு பேர் நிறுத்தினார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. ரெண்டு டயரிலும் இருந்த காற்றை அவர் கையாலேயே பிடுங்கிவிடச் சொன்னார்கள். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து பிடுங்கினார். அந்த உஸ்ஸென்ற சத்தம் தீருகிறவரைக்கும் அவர்கள் கடலை தின்றுகொண்டு நின்றார்கள். அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டேன். சைக்கிளை இறங்கித் தள்ளலாம். காரை இறங்கித் தள்ள முடியுமா? அதிலும் கூரை இல்லாத கார் என்றால், ஓட்டுகிறது யார் என்று ஒருத்தன் விடாமல் தெரியும். பொங்கலுக்கு அந்தத் தெருவில் ரெண்டு தடவை போய்வர வேண்டும். இருபது மெஷின் விலை அதற்குத்தான்.

இங்கே மட்டும் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். பொங்கலூர்ப் பக்கம் உள்ளே போனால் டீக்கடையில் தனித் தம்ளரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் கம்பெனிக்குள் பீஸ் எண்ணுகிறவன் எண்ணிக்கையைத்தான் பார்ப்பான். தெருவைக் கேட்கமாட்டான். மதுரையைத் தாண்டி வந்தவர்கள் எல்லோரும் இங்குள்ளவர்களுக்குத் 'தெக்கத்தி ஆளுங்க', அவ்வளவுதான். என் கம்பெனியில் பாதிப் பேர் உள்ளூர், பாதிப் பேர் என் ஊர், என் தெரு. நான்தான் பஸ் சார்ஜ் கொடுத்துக் கூட்டிவந்தேன். என் ஆபீஸ் ரூம் மாடியில். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கேட் தெரியும், வருகிறவர்களின் தலை தெரியும்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிகிற சமயம். காரில் ஏறிக் கேட்டுக்கு வெளியே ஓரமாக நிறுத்தி, கியரைப் பழகிக்கொண்டிருந்தேன். அந்தக் காரில் உட்காருவது பாயில் உட்காருகிற மாதிரி. கண்ணுக்கு நேராகச் சைக்கிள் பெடல்தான் தெரியும். வேலையாட்கள் சைக்கிளில் திரும்பி வந்தார்கள். முதலில் உள்ளூர்க்காரர்கள் நாலு பேர். "வண்டி சோக்கா இருக்குதுங்க!" என்று கத்திக்கொண்டு மிதித்த மிதியில் கேட்டுக்குள் போய், சைக்கிள் ஸ்டாண்டு வரை ஓட்டிப் போனார்கள். அடுத்து என் ஊர்க்காரர்கள். கேட் தூணுக்குப் பத்தடி முன்னால் ஒரு கால் தரையில் ஊன்றியது. இறங்கினார்கள். தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த உள்ளூர்ப் பெண்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த எங்கள் தெருப் பெண்கள் இறங்கினார்கள். சைக்கிளைத் தள்ளுகிற கால் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாடியிலிருந்து இத்தனை நாள் தலையைத்தான் பார்த்தேன்; காலை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

செக்கிங்கில் வேலை பார்க்கும் காளியம்மாள் வந்தாள். எனக்குச் சித்தப்பா மகள். அவளும் இறங்கினாள். கூப்பிட்டேன். "ஏத்தா, எதுக்கு இறங்குத?"

"கேட்டு வந்துருச்சுல்ல?"

"முன்னால போனவுக ஓட்டிக்கிட்டுத்தான போறாக?"

"அவுக உள்ளூர்க்காரக. நம்ம ஆளுக இறங்கணும்னு முருகேசன் சொல்லிருக்காகல்ல. மாடியில முதலாளி பாப்பாகன்னு." கொஞ்சம் நிறுத்தி, காரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் வாய் எங்கள் தெருவிலேயே பேர் போன வாய். "என்னண்ணே இப்படி முழிக்குதீக? ஊர்ல ஓசிக்கு இறங்குனோம். இங்க இறங்குததுக்குச் சம்பளம் குடுக்குதீக. முன்னேத்தந்தானே?" சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

முருகேசன் என் மனைவியின் தம்பி. எங்கள் தெருவிலேயே பிறந்தவன். கம்பெனியில் சூப்பர்வைசர். கூப்பிட்டு எத்தனை நாளாக இந்தக் கூத்து என்று கேட்டேன். "ஆரம்பத்துலருந்தேதான் மச்சான். ஒரு மரியாதை வேணாமா?" என்றான். அப்படியென்றால் உள்ளூர்க்காரர்களுக்கு ஏன் இல்லை? அவன் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "அவுககிட்டச் சொல்ல முடியுமா? நம்ம ஆளுகன்னாத்தான் சொன்னதும் இறங்குவாக." அவன் கெட்டவன் இல்லை. எனக்காக உயிரை விடுவான். என்னைப் பெரிய மனுஷனாக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். எனக்குத் தெரிந்த வழி வாசலில் சிவப்பாக நின்றது.

இனி ஒருத்தரும் இறங்கக் கூடாது என்று அன்றே சொன்னேன். மறுநாள் காலை கேட்டில் போய் நானே நின்றேன். என்னைப் பார்த்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். "ஓட்டுங்கப்பா" என்றால் சிரிக்கிறார்கள். ஒருத்தர், வயதில் என்னைவிட மூத்தவர், "நீ நிக்கும்போது எப்படிப்பா" என்றார். காளியம்மாள் மட்டும் இறங்கவில்லை. என் பக்கத்தில் வந்ததும் ரெண்டு தடவை பெல் அடித்து, ஒதுங்க வைத்து, ஓட்டிக்கொண்டு போனாள். இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெல் சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சுருக்கென்றது. என் காசில் வந்தவள், என்னைப் பார்த்துப் பெல் அடிக்கிறாளே என்றுதான் முதலில் தோன்றியது. கடலை தின்றவர்களுக்கும் இப்படித்தானே சுருக்கென்றிருக்கும்! எனக்குள்ளே அவர்கள் எப்போது வந்து உட்கார்ந்தார்கள்? இத்தனை வருஷத்தில் எந்த நஷ்டமும் என்னை அப்படி உலுக்கியதில்லை.

காரைத் திருப்பிக் கொடுத்தேன். புரோக்கர் ரகசியக் குரலில், "பணம் பத்தலீங்களா? தவணைக்கு ஏற்பாடு பண்ணீரலாமுங்க" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காரை வாங்கி அவன் கண் முன்னாலேயே கொளுத்தியிருப்பேன். வாங்க முடியாமல் விடவில்லை. இதைப் படிக்கிற எல்லோரும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொங்கலுக்குத் தெக்கத்தி ஆட்களை ஊரில் விட்டு, திரும்பக் கூட்டிவரக் கம்பெனிகள் பஸ் பிடிப்பது இங்கே வழக்கம். அனுப்பினால் மட்டும் போதாது, திரும்ப வர வேண்டுமே. அந்த வருஷம் நானும் அதிலேயே ஏறினேன். முன் சீட்டு எனக்கு. ஓட்டியது பல்லடத்து டிரைவர். வழியெல்லாம் ஒரே கும்மாளம். முருகேசனைக் காளியம்மாள் உரித்து எடுத்தாள். பகல் பத்து மணிக்குப் பஸ் எங்கள் ஊருக்குள் நுழைந்து, பெரிய தெருவில் திரும்பியது. சட்டென்று பஸ்ஸில் பேச்சு நின்றது. வாசலில் உட்கார்ந்திருந்த ரெண்டு கிழவர்கள் கண்ணுக்குக் கை வைத்துப் பார்த்தார்கள். இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்தி உட்கார நினைத்தேன். என் கால் என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டது. தோள் துண்டு கையில் இருந்தது.

டிரைவர் பிரேக்கில் கால் வைத்துத் திரும்பினார். "ஏனுங்க, இங்கயே எறங்கோணுங்களா?"

"வேண்டாம். ஓட்டுங்க" என்றேன்.

அவர் ஓட்டினார். உட்காரலாம் என்றால் முழங்கால் மடங்கவில்லை. இறங்கவோ, இனி எந்தத் தெருவிலும் நான் இறங்குவதாக இல்லை. அந்தத் தெரு முடிகிறவரைக்கும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீட்டுக்கும் படிக்கும் நடுவில் நின்றபடியே போனேன்.