செஞ்சிக் கோட்டையில் ஒரு பாட்டில் தண்ணீர்

தெருக்காரர்களோடு வேனில் செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். பெரியப்பா மகன் ஏழுமலையும் வந்திருந்தான். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. என் தண்ணீர் பாதி மலையிலேயே தீர்ந்துவிட்டது.

மேலே ஒரு வறண்ட கிணற்றில் வழிகாட்டி கல்லைப் போட்டார். "இந்த மாதிரி கோட்டைய இடிச்சிப் புடிக்க முடியாதுங்க. தண்ணிய மறிச்சிட்டு சும்மா உக்காந்துக்கினு இருப்பாங்க."

கல் டக்கென்று விழுந்தது. எங்கள் கிணற்றுக் கதவின் தாழ்ப்பாளும் அப்படித்தான் விழும்.

எங்கள் ஊரான பிள்ளையார்பாளையத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. கதவு பெரியப்பா பக்கம். எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு நாள், தறிக்கான பாவு இழைகளைத் தெருவில் முதலில் நீட்ட வேண்டியது அவர் முறை. அப்பா முந்திக்கொண்டார். நீட்டிய பட்டு இழைக்குப் பாதி கஞ்சி போட்டபோது பெரியப்பா கதவைத் தாழிட்டார்.

வெயில் ஏறியது. அம்மா குடத்தோடு கதவைத் தட்டினாள்.

"பாவு காயுது மாமா. ஒரு குடம் குடுங்க."

"முந்தத் தெரிஞ்சவனுக்கு மொள்ளத் தெரியாதா? கோயில் கொளத்துக்குப் போகச் சொல்லு."

இழைகள் ஒட்டி அறுந்தன. அப்பா எட்டு நாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டார். சாகும்வரை அம்மா அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. எங்களையும் தொட விடவில்லை.

ஏழுமலை பாட்டிலை நீட்டினான். "இந்தாடா. நாக்கு தள்ளிக்கினு நிக்கிற."

"வேணாம்."

"உங்கம்மா திமிரு அப்படியே இருக்குது."

என் கண்ணெதிரே பாட்டிலைப் பாறையில் கவிழ்த்தான். சூட்டில் ஈரம் உடனே மறைந்தது. கீழே வந்து சேரும்வரை எனக்கு எச்சில்கூட ஊறவில்லை.