பஞ்சு இருந்த உபவாசம்

எங்கள் தெருவில் உபவாசம் இருந்து பேர் வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒன்று என் அத்தை. இன்னொன்று பஞ்சு என்கிற முயல். முயலின் புகழுக்கு முழுக் காரணம் நான்தான் என்பதால், இந்தக் கதையை வேறு யாரையும் சொல்ல விடமாட்டேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் வீடு. சமணக் குடும்பம், நெல் விவசாயம். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியிருப்போம். கிழங்கும் கேரட்டும் வாசற்படி தாண்டாது. அஷ்டமியும் சதுர்த்தசியும் எந்தக் கிழமையில் வருகின்றன என்று நாட்காட்டியைப் பார்த்து அத்தைக்குச் சொல்வது என் வேலை. அந்த உத்தியோகத்தில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மூன்றாம் வருடமே கணவர் தவறிப்போய், அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். எனக்கு நினைவு தெரிந்து அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. புடவை எடுத்துக் கொடுத்தால் கட்டிக்கொள்வாள், கொடுக்காவிட்டால் பழையதையே துவைத்துக் கட்டுவாள். ஆனால் உபவாசம் என்று வந்துவிட்டால் அவளை மிஞ்ச ஆளில்லை. அஷ்டமிக்கும் சதுர்த்தசிக்கும் வெறும் தண்ணீர்தான். அந்த வருடம் அது போதாதென்று நடுநடுவே இன்னும் சில நாட்களைச் சேர்த்துக்கொண்டாள். மற்ற நாட்களில் கஞ்சி, இல்லாவிட்டால் குழைந்த ரசம் சாதம். அதையும் ஒரு பக்கமாகவே வைத்து மெதுவாக மெல்லுவாள். அவள் பங்கு முறுக்கும் தட்டையும் என் தட்டுக்கு வந்துவிடும். ருசியை விடுவதும் ஒரு விரதம்தான் என்று அம்மா எனக்கு விளக்கம் சொன்னாள். கோயிலுக்குப் போகும் வழியில் பெண்கள் அத்தையை நிறுத்தி, "உன்ன மாதிரி வைராக்கியம் யாருக்கு வரும்மா?" என்பார்கள். அத்தை தலையைக் குனிந்துகொள்வாள். அதை நான் அடக்கம் என்று நினைத்தேன்.

பஞ்சு எங்களிடம் வந்தது ஒரு குற்றவாளியாக. என்னோடு படித்தவளின் அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர். கூண்டிலிருந்து தப்பிய முயல் நேராகத் தறிக்கு அடியில் போய், நீள ஓடும் பாவு நூலில் ஒரு பிடியைக் கடித்துத் தள்ளிவிட்டது. கல்யாணப் புடவை. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து முடித்தவர், அன்றைக்கே முயலை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டார். "நீங்கதான் எந்த உசுரையும் ஒண்ணும் பண்ண மாட்டீங்களே, நீ எட்த்துக்கினு போ" என்று என் சிநேகிதி அழுதுகொண்டே கொடுத்தாள். ஒயர் கூடையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் அதற்கு ராஜ உபசாரம். காலையில் இட்லி, மத்தியானம் ரசம் சாதம், நடுவில் பாலில் ஊறிய ரொட்டி, வாழைப்பழம். புல் போடுவது மாட்டுக்குத்தான், பஞ்சு எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா. போதாக்குறைக்கு அதையும் நல்ல சமணனாக வளர்க்க நான் முடிவு செய்திருந்தேன். தினமும் பொழுது சாய்வதற்கு முன் கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அது கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்து என்னைப் பார்க்கும். நானும் பெருமையோடு பார்ப்பேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு காலை இட்லி வைத்தேன். பஞ்சு வந்தது, முகர்ந்தது, தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. கீரை வைத்தேன். ஒரு இலையை வாயில் எடுத்துக் கீழே போட்டுவிட்டது. எனக்குச் சட்டென்று உறைத்தது. அன்றைக்கு அஷ்டமி!

அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு வீடாகப் போய், "எங்க பஞ்சு அஷ்டமி உபவாசம் இருக்குது" என்று சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு முன்னால் வாழைப்பழத்தை நீட்டிக் காட்டினேன். பஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எதிர்வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உபவாசம் முடித்தவருக்கு முதல் உணவு கொடுப்பதைப் பாரணை என்போம், கொடுப்பவருக்குப் புண்ணியம். "நாளைக்கு இதுக்குப் பாரணை நான்தான் குடுப்பேன்" என்று இரண்டு பேர் எங்கள் வாசலிலேயே போட்டி போட்டார்கள்.

மறுநாள் அத்தை கஞ்சி குடித்துத் தன் உபவாசத்தை முடித்தாள். பஞ்சு முடிக்கவில்லை. கீரைக்கட்டோடு வந்தவர்கள் இன்னும் பக்தியோடு திரும்பிப் போனார்கள். நான் கூண்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அத்தைக்கு முன்னால் வைத்தேன். உபவாசத்தில் அவளை விடப் பெரிய ஆள் ஏது? அவள் வாயால் ஒரு பாராட்டு கிடைத்தால் எங்களுக்கு அது போதும்.

அத்தை குனிந்து உட்கார்ந்தாள். ஒரு இலையை நீட்டினாள். பஞ்சு ஆவலாக ஓடிவந்தது, வாங்கியது, கீழே போட்டது. தலையைச் சாய்த்து வாயின் மறு ஓரத்தால் எடுத்தது. மறுபடி போட்டது. அதன் தாடை நனைந்து மயிர் ஒட்டிக்கிடந்தது. அத்தை அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது வெரதம் இல்லமா" என்றாள். "இதுக்குப் பசிக்குது. வாய்ல வலி."

"உனக்கு எப்டி அத்த தெரியும்?"

"தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. தனக்குப் போட்டியாக ஒரு ஆள் வந்ததில் அத்தைக்குப் பொறாமை என்றுகூட நினைத்தேன். அவளோ எழுந்து நேராக வாசலுக்குப் போய், வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம், "அண்ணா, முயலை டாக்டராண்ட காட்டணும். இன்னிக்கே" என்றாள். அவள் வாய்விட்டுக் கேட்டு அப்பா பார்த்ததில்லை. மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினார்.

காஞ்சிபுரத்துக் கால்நடை மருத்துவமனையில் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் நாங்கள் ஒயர் கூடையோடு வரிசையில் நின்றோம். ஆட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "மொயலா? எங்க வூட்டாண்ட வந்திருந்தா கொழம்புபா" என்றார். அத்தை அவசரமாக முயலின் காதுகளைப் பொத்தினாள். இரண்டு கையும் போதவில்லை.

டாக்டர் வாலிபர். டார்ச் அடித்து பஞ்சுவின் வாயைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். மேல் பற்கள் உள்ளே சுருண்டு, கீழ்ப் பற்கள் வெளியே நீண்டு, கடைவாய்ப் பல் ஒன்று கூராக வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது.

"இதுக்கு இன்னா குடுக்குறீங்க?"

நான் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பொழுது சாய்ந்தால் எதுவும் தருவதில்லை என்பதையும் விசேஷமாகச் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் டார்ச்சை மேஜைமேல் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"மொயல் வளக்குறீங்களா சார், மாப்பிள்ளை வளக்குறீங்களா? இதுக்குப் பல்லு ஆயுசுக்கும் வளந்துக்கினே இருக்கும். புல்லு மென்னு மென்னு தேயணும். இருட்டுனப்புறம்தான் நல்லாவே திங்கும், அப்பப் போய்க் கிண்ணத்த எடுத்தா?" பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "சாப்புட மனசில்லாம இல்லமா. ஆசையாத்தான் வருது, கடிச்சா வலிக்குது, வுட்டுடுது. எத்தினி நாளா இப்டியோ. வாயத் தெறந்து சொல்லவா முடியும்?"

என் பெருமையெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோனது. பசியோடு இருந்த பிராணியை வைத்துத் தெருவுக்கே வேடிக்கை காட்டியிருக்கிறேன். அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன்.

மயக்க ஊசி போட்டுப் பல்லை ராவ வேண்டும், சின்ன உயிர், இரண்டு நாள் பட்டினி வேறு, தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்பா அத்தையைப் பார்த்தார்.

"ஊசி போட்டா வலி தெரியாதா சார்?" என்று அத்தை கேட்டாள்.

"தெரியாதுமா."

"அப்புறம் சுத்தமாப் போயிடுமா?"

"போயிடும். மின்னாடியே வந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காது."

அத்தை தலையாட்டினாள். சுழலும் சின்னச் சக்கரம் ஒன்றின் சத்தம் உள்ளே கேட்டபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மந்திரம் சொன்னாள்.

பஞ்சு கண் விழித்தது. அன்றிலிருந்து அதற்கு அத்தைதான் செவிலி. முதல் சில நாட்கள் கீரையை மையாக அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அப்பா வரப்பிலிருந்து அருகம்புல் கொண்டுவந்து போட்டார். முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் பழக்கதோஷத்தில் நான் கூண்டுப் பக்கம் போனேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வுடு. நம்ம வெரதம் நமக்கு. அதுக்குப் புல்லு இருக்கட்டும்."

சதுர்த்தசி அன்று காலையில்தான் அந்தச் சத்தம் கேட்டது. கறுக், கறுக். பஞ்சு தானாகப் புல்லைக் கடித்து மென்றுகொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. உண்மை தெரிந்திருந்தும் யாரும் பாரணையை விட்டுக்கொடுப்பதாக இல்லை. கை கழுவிக்கொண்டு, ஆளுக்கொரு பிடி புல்லாக, வரிசையில் நின்று கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா அடுப்படியில் இட்லியை எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை நிலைப்படியில் சாய்ந்து நின்று, பஞ்சு மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை கன்னத்தில் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

"அண்ணி" என்றாள்.

அம்மா இட்லித் தட்டோடு திரும்பினாள். "இன்னாமா?"

"எனக்கும்..." என்று ஆரம்பித்து அத்தை நிறுத்தினாள். "ஒண்ணு சொல்லணும் அண்ணி. ரொம்ப நாளா எனக்கு..."

எனக்குப் புரிந்துவிட்டது. முயல் சாப்பிடும் சந்தோஷத்தில் அத்தை இன்றைக்கு என்ன திதி என்பதையே மறந்து, பசி தாங்காமல் இட்லி கேட்கப் போகிறாள். அவளுடைய பேர் என்ன ஆவது? ஒரே தாவலாக நடுவில் பாய்ந்தேன்.

"அத்த! இன்னிக்கு சதுர்த்தசி!"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அட, ஆமால்ல. நான் வேற தட்ட நீட்டிக்கினு நிக்கிறேன் பாரு." தட்டு உள்ளே போய்விட்டது.

அத்தை என்னைப் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள். "நல்லவேளை, ஞாபகப்படுத்தின" என்று சொல்லி, கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அத்தையின் விரதத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் அன்றைக்கு நான் இட்லி இரண்டு அதிகமாகச் சாப்பிட்டேன்.

அரை வருடம் கழித்து ஒரு காலையில் அத்தையின் ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் மூடிக்கொண்டது. காஞ்சிபுரத்தில் பல் டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனாள், நானும் போனேன். மூன்று கடைவாய்ப் பற்கள் வேரோடு சீழ் பிடித்திருந்தன. எத்தனை நாளாக வலி என்று அந்த டாக்டரம்மா கேட்டார்.

"மொயல் வர்றதுக்கு மின்னாடியிலிருந்து" என்றாள் அத்தை.

டாக்டருக்கு எந்த முயல் என்று தெரியவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முயலுக்கு வலிப்பதை ஒரே பார்வையில் கண்டுபிடித்தவள், தன் வலியை மட்டும் ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் ஒரு தடவை சொல்ல வந்தாள் என்பதும், குறுக்கே பாய்ந்தது யார் என்பதும் எனக்குப் புரிய இன்னும் பத்து வருடம் ஆனது.