வடை வந்தால் கட்டுரை வராது

எனக்குக் குடலிறக்கம் வந்ததே மருத்துவ அறிவின் வளர்ச்சிக்காகத்தான். அச்சகத்திலிருந்து வந்த மருத்துவப் பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு தல்லாகுளத்து அலுவலகத்தின் மாடிப்படி ஏறியபோது, வலது தொடை இடுக்கில் ஏதோ ஒன்று “நானும் வாரேன்” என்று எட்டிப் பார்த்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. உள்ளூர் டாக்டர்கள் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்திய பத்திரிகை. நான் டாக்டர் இல்லை, தாவரவியல் படித்தவன். அலுவலகத்தில் இருந்ததே நான் ஒருவன் என்பதால் உதவி ஆசிரியர், பிழை திருத்துபவர், தபால்தலை ஒட்டுபவர் எல்லாம் நானே. டாக்டர்கள் எழுதி அனுப்பும் கட்டுரையை, துறை தெரிந்த வேறு டாக்டர்களிடம் காட்டிக் கருத்து வாங்கி, ஆசிரியர் மேசையில் வைப்பேன். தேறுமா தேறாதா என்பது அவர் பாடு.

எங்கள் பழைய ஆசிரியர் வயதான பொது மருத்துவர், மகா சாது. யாரிடமும் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டவர்.

“மதுரைக்குள்ளயே கெடக்கோம்யா. இன்னைக்கு அவன் கட்டுரையத் திருப்பி அனுப்பிட்டு, நாளைக்கு அவன் மக கல்யாணத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சாப்புடுறது?” என்பார்.

அதற்காக ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்டு வருகிறவருக்கு வெறும் காபி வந்தால், அடுத்த இதழில் கட்டுரை. காபியோடு உளுந்த வடையும் வந்தால், கட்டுரைக்குக் கருமாதி. வாய் மட்டும் இரண்டுக்குமே “பரிசீலனைல இருக்கு” என்றுதான் சொல்லும். ஊரிலுள்ள டாக்டர்களுக்கெல்லாம் இது அத்துப்படி. வடைத் தட்டைப் பார்த்ததும் முகம் விழுந்துவிடும். ஆனாலும் ஒருவரும் வடையை விட்டுவிட்டுப் போனதில்லை.

இந்த ரகசியம் தெரியாதவர் ஒரே ஒருவர். வெளியூரிலிருந்து வந்து, மதுரைக்கு ஓரத்திலுள்ள பரவையில் சின்ன ஆஸ்பத்திரி நடத்திய அறுவை மருத்துவர். குடலிறக்கத்துக்குத் தானே கண்டுபிடித்த ஒரு புதுத் தையலைப் பற்றிக் கட்டுரை கொடுத்திருந்தார். வரும்போதெல்லாம் வடை. சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, “சார் எம்புட்டுப் பாசமா கவனிக்கிறாரு!” என்று நெகிழ்ந்துபோவார். என் இறக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும், “நம்ம அண்ணனுக்கு நானே பண்றேன்” என்று திங்கட்கிழமைக்கு நாளும் குறித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, பழைய ஆசிரியர், மகனோடு இருக்கப் போகிறேன் என்று பொறுப்பை விட்டுவிட்டார். புது ஆசிரியராக வந்தவர் நோய்க்குறியியல் பேராசிரியை. வாழ்க்கை முழுக்க மைக்ராஸ்கோப் வழியாகவே பார்த்தவர். கண்ணாடித் துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் திசுவிடம், உன் மனசு நோகுமா என்று யார் கேட்பார்கள்?

முதல் நாளே பீரோவைத் திறந்தார். உள்ளே இருந்த கட்டுரைகள் சரிந்து அவர் காலடியில் விழுந்தன.

“என்ன இதெல்லாம்?”

“பரிசீலனைல இருக்கு மேடம்.”

“யாரு பரிசீலிக்கிறா, கரப்பான்பூச்சியா?”

வடை ஏற்பாட்டை விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: “பாவம், இத்தன பேரு காத்துக்கிட்டிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, எடுக்க முடியாது, காரணம் இதுன்னு சொல்லிருங்க. வடையெல்லாம் வேணாம்.”

அந்த வாரம் முழுக்க எண்களைச் சுழற்றினேன், பரவை எண் மட்டும் விரலுக்கு வரவே இல்லை. வெள்ளிக்கிழமை அந்தத் தையல் கட்டுரையை மேடமே எடுத்து நீட்டினார்.

“தையல் பிரமாதம்னு பக்கம் பக்கமா எழுதிருக்காரு. போட்டுக்கிட்டவங்கள்ல எத்தன பேருக்குத் திரும்ப இறங்குச்சுன்னு ஒரு வரி இல்லையே? சொல்லிருங்க.”

“இத அடுத்த வாரம் சொன்னா ஆகாதா மேடம்?”

“ஏன்?”

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எனக்கு எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். “சும்மாதான் மேடம்” என்று போனை எடுத்தேன்.

“சொல்லுங்கண்ணே! திங்கக்கெழம வெறும் வயித்தோட வந்துருங்க.”

“வந்துர்றேன் சார். அது வந்து, உங்க கட்டுரை…”

“வந்துருச்சா?”

“வரல சார். வராது.”

காரணத்தையும் படித்துக் காட்டினேன்.

“சரி, திங்கக்கெழம வாங்க. பேசிக்கிருவோம்.”

மதுரையில் ஒருவர் ‘பேசிக்கிருவோம்’ என்றால் அவர் பேசப்போவதில்லை என்று பொருள். அன்றிரவு சோறு இறங்கவில்லை, மற்றதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சினனைக் கூப்பிட்டுப் புலம்பினேன்.

“கத்தி வச்சிருக்க ஆளுகிட்டப் போயி எவனாச்சும் வம்பு இழுப்பானா மச்சான்?” என்றான்.

“வேற டாக்டர்கிட்டப் போயிருவமா மாப்ள?”

“யாருகிட்ட? ஊர்ல இருக்க அம்புட்டு சர்ஜனுக்கும் இந்த வாரம் நீங்கதான போன் போட்டிருக்கீக?”

திங்கட்கிழமை அவன் ஸ்கூட்டரில் பரவைக்குப் போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் என் இறக்கம் ஒரு கருத்துச் சொன்னது. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணித் திரை, அதற்கு மேலே முகமூடியும் இரண்டு கண்களும். கண்ணை மட்டும் வைத்து ஒரு மனிதன் கோபமாக இருக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு நான் முயன்ற அளவுக்கு யாரும் முயன்றிருக்க மாட்டார்கள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்.”

“எது வேணும்னாலும் கேளுங்க சார்.”

“வட குடுத்தா வேணாங்கிறதுக்கு அர்த்தமாமே? நேத்துதான் ஒருத்தன் சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். நான் சட்னி வேற கேட்டு வாங்கித் தின்னுருக்கேன்ணே!”

“சார்… எனக்கு எந்தத் தையல் போடுறீங்க?”

“பழைய தையல்தான். உங்க மேடம் கேட்டது நியாயம். ஒரு பயலும் திரும்ப வந்து காட்ட மாட்டேங்கிறான். நல்லாருக்கானா, வேற டாக்டர்கிட்டப் போயிட்டானான்னு நான் எங்க போயித் தேட?”

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு முழுசாக உள்ளே போவதற்குள், “அடடா!” என்றார். படுத்துக் கிடப்பவன் காதில் விழக்கூடாத சொல் அது.

“என்ன சார் அடடா?”

“இறங்குன பைக்குள்ள குடல்வால் வந்து உக்காந்திருக்குண்ணே! அபூர்வம்ணே! இத எழுதணும்ணே! உங்க மேடம் போடுவாங்களா?”

வயிறு திறந்து கிடக்கும்போது மனிதனுக்குக் கொள்கை ஏது? பழைய ஆசிரியரே என் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டார். “கட்டாயம் போடுவாங்க சார். அடுத்த இதழ்லயே வந்துரும்!”

அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான் மறுபடி மாடிப்படி ஏறியபோது கட்டுரை எனக்கு முன்னால் வந்திருந்தது. ‘நடுத்தர வயது ஆண். அளவுக்கு மீறிய பதற்றம் உடையவர்’ என்று தொடங்கியது. மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்களா இது?”

“ஆமா மேடம்,” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

“இதே மாதிரி நிறையப் பேரு எழுதிட்டாங்களே. புதுசா ஒண்ணும் இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ டாக்டர்களின் கட்டுரைகள் செத்ததைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் இப்படி வலித்ததில்லை. என் குடல்வாலைப் பார்த்துப் புதுசா ஒண்ணும் இல்லையாம்!

“பரவைக்கு இதான் மொதத் தடவ மேடம்.”

“போன் போட்டுச் சொல்லிருங்க.”

“நேர்லயே சொல்லிர்றேன் மேடம். நாளைக்குத் தையல் பிரிக்கப் போறேன்.”

அன்றைக்குத்தான் அவர் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன். “அப்ப பிரிச்சதுக்கப்புறம் சொல்லுங்க.”

அந்த அளவுக்குத் தைரியம் எனக்கு எங்கே இருக்கிறது? மறுநாள் போகிற வழியில் டீக்கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னேன். “நாலு உளுந்த வட வாங்கிட்டு வா மாப்ள.” மச்சினன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வாங்கி வந்தான்.

டாக்டர் கத்தரிக்கோலோடு திரும்பியவர், எண்ணெய் ஊறிய பொட்டலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்னண்ணே அது?”

“சும்மா சார். வர்ற வழியில…”

“உளுந்த வடையா?”

நான் தரையைப் பார்த்தேன். அவர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“சட்னி இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்பச் சீக்கிரம் படுங்க. ஆறிறப் போகுது.”